மீறாத கணக்கு

என் மனைவியின் சாப்பாட்டைக் குறைத்துத்தான் நான் குடும்பச் செலவைக் கட்டுக்குள் வைத்திருந்தேன். இந்த வரியை எழுதிவிட்டு, ‘எனக்குத் தெரியாமல்’ என்று ஒரு சொல் சேர்க்கலாமா என்று யோசித்தேன். தெரிந்துகொள்ள நான் ஒருநாளும் முயன்றதில்லை. அதனால் அந்தச் சொல்லுக்கு எனக்கு உரிமை இல்லை.

ஊர் சித்தன்னவாசல். அங்கிருந்து பதினாறு கிலோமீட்டர் தள்ளிப் புதுக்கோட்டையில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 18,000 ரூபாய். வீட்டில் ஐந்து பேர்: அம்மா, நான், மனைவி, மகள், மகன். 2019 ஜூனில் மகளின் படிப்புக்கென்று மாதம் 3,000 ரூபாய்ச் சீட்டு ஒன்றில் சேர்ந்தேன். அந்தப் பணத்தை எங்கே பிடிப்பது என்று பார்த்தபோது கண்ணில் பட்டது மளிகைச் செலவு. ஓர் இரவு உட்கார்ந்து, பலசரக்கு, காய்கறி, பால், முட்டை எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 4,500 ரூபாய் என்று வரையறுத்தேன். அதற்கென்று நீளமான ஒரு நோட்டு வாங்கினேன். மாதத்துக்கு ஒரு பக்கம்.

அன்றைக்கு அந்தத் தொகையில் குடும்பம் நடத்த முடிந்தது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசிக்குக் காசு இல்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அட்டைக்கு ஒன்றாகக் கிடைக்கும். மேற்கொண்டு வேண்டியதைக் கடையில் வாங்கினால் போதும். மகள் எட்டாவது, மகன் நாலாவது. பிள்ளைகள் சாப்பாடும் பிள்ளைகள் அளவுதான்.

பிறகு எல்லாம் மாறியது, என் தொகை மட்டும் மாறவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2019இல் நூறு ரூபாய்க்குள் வாங்கிய துவரம் பருப்பு, 2023 கடைசியில் நூற்றறுபதுக்கு மேல் போனது. மகனுக்கு மீசை அரும்பியது. ஒரு தட்டுச் சோறு அவனுக்குப் பத்தவில்லை. நானோ மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து, கூட்டி, அடியில் கோடு போட்டு, ‘மீறவில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து மாதங்கள் அப்படி எழுதினேன். ஆலையில் கூட வேலை செய்பவர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். “வரம்பு வச்சுட்டா வாழ்ந்துரலாம் அண்ணே” என்று வயதில் மூத்தவர் ஒருவருக்குப் புத்தி சொன்னதும் உண்டு.

இதைவிடச் சொல்லக் கூசுவது ஒன்று இருக்கிறது. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வரத் தொடங்கியது. மனைவியின் வங்கிக் கணக்கில் 1,000 ரூபாய் விழுந்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவள் பெயருக்கு என்று மாதாமாதம் வந்த முதல் பணம் அது. அந்த மாதமே நான் கொடுக்கும் 4,500இல் ஆயிரத்தைக் குறைத்து 3,500 கொடுத்தேன். “உனக்குத்தான் அங்க ஆயிரம் வருதே” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அரசாங்கம் அவள் கையில் வைத்ததை நான் எடுத்துக்கொண்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நோட்டில் ‘மிச்சம் 1,000’ என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து அப்படியே இருக்கிறது.

அதே காலத்தில் ஆலைக்கு எதிரே உள்ள கடையில் காலையும் மாலையும் டீ, கூட ஒரு வடை என்று நாளுக்கு நாற்பது ரூபாய் செலவழித்தேன். மாதம் இருபத்தாறு வேலைநாள் என்றால் 1,040 ரூபாய். அது நோட்டில் ஏறவே இல்லை. அதற்குக் ‘கைச்செலவு’ என்று மனசில் வேறொரு தலைப்பு வைத்திருந்தேன். கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன், தன் வாய்க்குப் போனதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

2024 காணும் பொங்கலன்று மதுரையிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்திருந்தது. சித்தன்னவாசலுக்கு வருகிறவர்களை அறிவர் கோயில் ஓவியத்துக்கும் மலைமேல் சமணர் படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டத்துக்கும் அழைத்துப் போவது எங்கள் வழக்கம். தாமரைக்குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆள் எல்லாம் காட்டிவிட்டு, மறுபக்கம் மலையேறினோம். சின்ன வயதிலிருந்து ஓடி ஏறிய பாறை. பாதி வழியில் மனைவி நின்றுவிட்டாள். கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்” என்றாள். நானும் போனேன். வந்தவர்களுக்குச் சமணர் படுக்கைகளைக் காட்டுவதில்தான் என் கவனம் இருந்தது. இறங்கி வந்தபோது, அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பமில்லாத பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும், எட்டுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்று அங்கிருந்த நர்ஸ் அக்கா சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, “ஏம்மா, நீ என்னதான் சாப்பிடுற?” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் கோபப்பட்டிருப்பேன். பதில் சொல்லலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை அது. கூட வந்திருந்த மகள்தான் சொன்னாள்: “அம்மா எங்களுக்கெல்லாம் போட்டுட்டு, மிச்சம் இருந்தா சாப்பிடும். இல்லேன்னா நீச்சத்தண்ணியும் ஊறுகாயும்தான். மத்தியானம் டீ குடிச்சுப் பசிய அடக்கிரும். முட்ட வாங்குனா நாலுதான் வாங்கும்.”

ஐந்து பேர் வீட்டில் நாலு முட்டை. அந்தக் கணக்கு எப்படிச் சரியாகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆலையிலிருந்து வந்ததும் முதலில் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். கடைசியில் உட்கார்கிறவள் தட்டில் என்ன இருக்கிறது என்பதை இந்த ஐந்து வருடத்தில் நான் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் மளிகைக் கடைக்குத் தனியாகப் போனேன். மாசச் சாமானுக்கு நான் அந்தக் கடைக்குள் காலடி வைத்தது அதுதான் முதல்முறை. விலையை வெளியில் யாராவது பேசிக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். கடைக்காரர் மறைக்காமல் சொன்னார்: “தங்கச்சி லிஸ்ட்டு கொண்டாந்து கொடுக்கும். நான் கூட்டிச் சொல்லுவேன். அப்புறம் ஒண்ணு ஒண்ணா எடுக்கச் சொல்லும். மொதல்ல கடலைய எடுக்கும், அப்புறம் பயறு, அப்புறம் பருப்புல அரைக்கிலோ. பிள்ளைக பிஸ்கட்டையும் பெரியம்மா ஆர்லிக்ஸையும் தொடாது.” அவள் எடுத்துத் திருப்பி வைத்த அந்தச் சாமான்கள்தான் என் நோட்டில் ‘மீறவில்லை’ ஆகியிருந்தன.

இரவு நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஓரங்களில் குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. 2021 மார்ச் பக்கத்தில், ‘வீட்டில் 500 கூடக் கேட்டது. சமாளிக்கச் சொன்னேன்.’ 2022 மே, ‘எண்ணெய் விலை என்றாள். முடியாது.’ 2023 ஜனவரியிலும் ஜூலையிலும் இதே மாதிரி. அவள் என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை என்றுதான் சுகாதார நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் மனசுக்குள் வாதாடிக்கொண்டு வந்தேன். நாலு தடவை கேட்டிருக்கிறாள். நாலு தடவை மறுத்ததையும் நானே எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு எதிரான சாட்சியை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

மகள் பிறகு சில விவரங்களைத் தேடி வாசித்துக் காட்டினாள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தபடி ஆணுக்கு நாளுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், பெண்ணுக்கு 29. மாதவிலக்கில் ரத்தம் போகிற உடம்புக்குக் கூடுதலாக வேண்டும். எங்கள் வீட்டில் அதிகம் வேண்டியவளுக்குத்தான் குறைவாகப் போனது. சோற்றோடு டீ குடித்தால், சோற்றில் இருக்கும் கொஞ்ச இரும்புச்சத்தும் உடம்பில் சரியாக ஒட்டாது. பசியை அடக்க அவள் குடித்த டீ, அவள் ரத்தத்தையும் குறைத்திருக்கிறது.

பருப்பு, பயறு வகைகள் ஓர் ஆளுக்கு நாளுக்கு 85 கிராம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு. முட்டை, மீன், கறி சாப்பிடுகிறவர்களுக்கு அதில் ஒரு பகுதி அவற்றால் நிறையும். ஐந்து பேருக்கு மாதம் பன்னிரண்டே முக்கால் கிலோ வருகிறது. நான் ஒதுக்கியது ரேஷனில் ஒன்று, கடையில் இரண்டு, ஆக மூன்று கிலோ. அதிலும் அரைக்கிலோவை அவள் திருப்பி வைத்திருக்கிறாள். எங்கள் மாவட்டத்து வம்பனில்தான் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே உருவான உளுந்து ரகங்களைப் பல ஊர் விவசாயிகள் விதைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வயல்களைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் பஸ்ஸில் போனேன்.

அவளுக்கு மாத்திரை தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் ஏழடிப்பட்டத்துக்கு ஏறினேன். பாறைக் குகையில் வழுவழுவென்று தேய்த்த பதினேழு படுக்கைகள். தலைமாட்டில் கொஞ்சம் உயர்த்திய கல். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய தமிழ்ப் பிராமி எழுத்து ஒரு படுக்கையில் இருக்கிறது. சிறு பிள்ளையிலிருந்து அங்கே கேட்டு வளர்ந்தது துறவையும் நோன்பையும் பற்றித்தான். குறைவாக உண்பது உயர்ந்தது, வேண்டியதை அடக்குவது உயர்ந்தது என்ற எண்ணம் எங்கள் ஊர்க் காற்றிலேயே இருக்கிறது. சிக்கனம் என்று நான் பேசிய பேச்சுக்கெல்லாம் அந்த மலையின் மரியாதையை இரவல் வாங்கியிருந்தேன்.

அந்தக் கல்லில் படுத்தவர்கள் வீட்டைவிட்டுத் தாமாக வந்தவர்கள். உண்ணாமல் இருந்தபோது தங்கள் வயிற்றைத்தான் காயப்போட்டார்கள். இல்லறத்தில் இருப்பவனுக்கும் சமணம் ஒரு விரதம் சொல்கிறது: தான் வைத்துக்கொள்ளும் பொருளுக்குத் தானே ஓர் அளவு வரைந்துகொள்வது. அந்த விரதப்படி நான் முதலில் அளவு வரைந்திருக்க வேண்டியது என் டீக்கும் வடைக்கும். நான் வரைந்த கோடு இன்னொருத்தியின் தட்டில் விழுந்தது. தானாக ஏற்றால் நோன்பு. அடுத்தவர் மேல் ஏற்றினால் பட்டினி. இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஓர் ஆளின் ரத்தம் தேவைப்பட்டது.

கீழே வந்து அவளிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைக்குப் போனதை, நோட்டில் நாலு குறிப்பு இருந்ததை, டீக்கடைக் கணக்கை, அந்த ஆயிரத்தை. முழுவதும் கேட்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “ராத்திரி எங்ககூட உக்காந்து சாப்பிடுங்க. அதுபோதும்” என்று மட்டும் சொன்னாள்.

இப்போது மளிகைக்கு 7,500 ரூபாய். சீட்டுத் தவணை 2024 ஜூனில் முடிந்தது, அடுத்த சீட்டில் சேரவில்லை. கடை டீயை விட்டேன். உரிமைத் தொகை அவளுடையது. அதை என்ன செய்கிறாள் என்று நான் கேட்பதில்லை. நோட்டை அவள் எழுதுகிறாள். சில மாதம் தொகை மீறுகிறது. போன மாதம் 640 ரூபாய் கூடிவிட்டது, அதை அவளே சிவப்பு மையில் எழுதியிருந்தாள். லிஸ்ட்டில் முதலில் வருவது பருப்பு, பயறு, கடலை, முட்டை. முட்டை ஐந்தின் மடங்கில்தான் வாங்குகிறோம். கொல்லையில் முருங்கை நிற்கிறது, கீரைக்குக் காசில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு டீ இல்லை.

மாத வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினெட்டாயிரத்தில் குடும்பம் நடத்துகிறவனுக்கு வரம்பு இல்லாமல் முடியாது. ஆனால் விலை ஏறும்போதும் பிள்ளைகள் வளரும்போதும் தொகை நகராமல் நின்றால், நடுவில் யாரோ ஒருவர் அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். என்னைப் போல நோட்டு வைத்திருக்கும் ஆண்கள், கூட்டிக் கோடு போடுவதற்கு முன் ஒருமுறை கடைக்குப் போய் விலை கேளுங்கள். ஒருநாள் கடைசிப் பந்தியில் உட்காருங்கள்.

ஆறு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 10.6 வந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் போக வேண்டும். இரவில் ஐந்து தட்டையும் ஒன்றாக வைக்கிறோம். இருந்தும் தன் தட்டில் போட்டுக்கொள்ளும் முன் அவள் சட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்கிறாள், எல்லோருக்கும் இருக்கிறதா என்று. சட்டியில் இப்போது இருக்கிறது. பார்க்கும் பழக்கம்தான் இன்னும் விடவில்லை. அதைப் பழக்கியவன் நான்.