தார்க்கறை

தமிழில் தார் என்கிறோம். இங்கே கன்னடத்தார் டாம்பர் என்கிறார்கள். பெயர் எதுவாயினும், வெள்ளைக் காரின்மேல் தெறித்துவிட்டால் இரு மொழியினர்க்கும் வயிற்றெரிச்சல் ஒன்றுதான். நம் சங்கத்துக் குடும்பங்களில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்போர் பலர். சொந்தக் கார் வாங்கிய அன்பர்களும் இப்போது பெருகியிருக்கிறார்கள். ஆதலின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நாம் கண்ட ஒரு செய்தியை எழுதத் துணிந்தோம். நாம் ரயில்வே குமாஸ்தா. மோட்டார்த் தொழில் பயின்றவர் அல்லோம். கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும் மட்டுமே சொல்லுகிறோம்.

நம் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தருமபுரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் குடியிருக்கிறார். வேறொருவருக்குச் சொந்தமான வெள்ளைக் காரை மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். ரயிலில் வந்து இறங்குவோரை அரங்கநாதர் கோயில், தரியா தௌலத், கும்பஸ், காவிரிச் சங்கமம், கஞ்சாம் நிமிஷாம்பாள் சந்நிதி என்று சுற்றிக் காட்டிவிட்டு மைசூரில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. பெங்களூர் மைசூர் விரைவுச் சாலை 2023 மார்ச் 12-ஆம் நாள் திறக்கப்பட்ட பின்பு, தொலைவழிச் செல்லும் வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் புறவழியே பறந்துவிடுகின்றன. கோயிலுக்கு வருவோருக்கோ பழைய வீதிகளே கதி. மழைக்குப் பின் அவ்வீதிகளுள் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கலவையைக் கொட்டுமுன், அது பழைய தளத்தோடு ஒட்டுவதற்காக நீரில் கலந்த தாரைத் தெளிப்பது வழக்கம். தெளித்தவுடன் பழுப்பாயிருக்கும், நீர் பிரிந்த பின்னரே கறுத்து இறுகும். அது இறுகுவதற்கு முன்பே கொடிக்காரர் கைகாட்டி அனுப்பிவிட்டார். ரயிலுக்குப் போகும் பிரயாணிகளை வைத்துக்கொண்டு இளைஞர் என்ன செய்வார்? சக்கரங்களுக்குப் பின்னால் இருபுறக் கதவுகளின் கீழும் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள்.

அன்று சனிக்கிழமை. மாலையில் வண்டியைப் பார்த்த உரிமையாளர், திங்கட்கிழமை காலைக்குள் கறை போகாவிட்டால் இருபுறமும் புது வர்ணம் அடித்து அச்செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். விசாரித்ததில் அரை மாதச் சம்பளம் ஆகும்போலத் தெரிந்தது. ஊரிலிருக்கும் தாயாருக்கு அவர் மாதந்தோறும் அனுப்புவது அந்த அரைப் பங்கைத்தான்.

செய்தி பரவியதும் ஆலோசனைக்குக் குறைவில்லை. பிளேடால் சுரண்டலாம் என்றார் ஒருவர். பெட்ரோல் ஊற்றித் துடைக்கலாம் என்றார் மற்றொருவர். மூன்றாமவர் தின்னர் டப்பாவுடனேயே வந்து நின்றார். நல்லவேளையாக இளைஞர் எதையும் தொடவிடவில்லை. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமற்ற ஒரு பூச்சு உண்டு. பளபளப்பு முழுவதும் அதனால்தான். அதன் பருமன் பொதுவாக ஒரு தலைமயிர் அளவுகூட இராது. பிளேடு அதை நொடியில் கிழித்துவிடும். பட்டறையில் மறுவர்ணம் அடித்த பகுதியானால் தின்னர் அவ்வர்ணத்தையே கரைத்துவிடக் கூடும். பெட்ரோலின் ஆவியோ தரையோடு தவழ்ந்து சென்று, எங்கோ எரியும் அடுப்பில் பற்றிக்கொண்டு திரும்பி வரும். வீடுகள் நெருங்கிய வீதியில் அதை நினைக்கவும் ஆகாது.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனமில்லை. மோட்டார் வண்டிகள் தோன்றிய புதிதில் அவை கிளப்பிய புழுதியால் ஐரோப்பிய நகரங்கள் திணறின. 1902-இல் மொனாக்கோவில், குலியெல்மினெட்டி என்ற ஸ்விட்சர்லாந்து வைத்தியர் அப்புழுதியை அடக்கச் சாலையில் தார் பூசும்படி செய்தார். தார் டாக்டர் என்றே அவருக்குப் பட்டப்பெயர் வந்தது. காருக்காக வந்த தாரே இன்று காரைக் கறைப்படுத்துகிறது!

அக்காலத்தில் பூசியது நிலக்கரியிலிருந்து எடுத்த தார். நம் இருப்புப்பாதையில் மரக்கட்டைகள் கிடந்த காலத்தில், அவை உளுத்துப்போகாதிருக்க ஊட்டிய கிரியோசோட் அத்தாரிலிருந்து வடித்ததே. இப்போது சாலையில் இடுவது பெட்ரோலியத்தை வடித்தபின் அடியில் தங்கும் பிட்டுமன். மக்கள் வாயில் இரண்டும் தார்தான். இரண்டும் தண்ணீருக்கு மசியமாட்டா, எண்ணெய்க்கு இளகிவிடும்.

இவ்வளவும் ஏட்டறிவு. கைமுறை அறிய, ஞாயிறு காலை இளைஞரோடு சாலைப் பணியாளர் தங்கியிருந்த கூடாரத்துக்குச் சென்றோம். அங்கே தமிழ் ஒலித்தது. திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள் அவை. ஒரு பெண்மணி குழந்தையின் பாதத்திலிருந்த தாரை எண்ணெய்த் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சுரண்டாதே தம்பி, ஊறவை. அதுவாகக் கழன்றுகொள்ளும்" என்றாள். அவள் முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய தழும்பு ஒன்று இருந்தது. கொதிக்கும் கலவை பட்டதாம். ஒட்டிய தாரை யாரோ பிடித்து இழுத்தபோது தோலும் கூடவே வந்துவிட்டதாம்.

காரைக் காட்டிலும் இது முக்கியமாகையால் சற்று நின்று சொல்லுகிறோம். சாலைக் கலவை சுமார் 150 டிகிரிச் சூட்டில் வருவது. உடம்பில் பட்டால் உடனே குளிர்ந்த நீரை இருபது நிமிடமாவது ஓடவிட வேண்டும். ஒட்டியதைப் பிய்க்கலாகாது. வெந்த புண்ணில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தடவலாகாது. ஆறவைத்துத் துணி போர்த்தி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சாலை வேலைக்குச் செல்வோர் வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள்.

வீடு திரும்பி வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தினோம். தகடு நன்றாக ஆறியபின் தண்ணீர் பீய்ச்சி மண்ணைப் போக்கினோம். தாரோடு மணல் இருக்கும். அப்படியே தேய்த்தால் உப்புத்தாள் போட்டதுபோல் கீறும். பழைய வேட்டியைக் கிழித்துத் தேங்காயெண்ணெயில் தோய்த்துப் புள்ளிகளின்மேல் ஒட்டிவைத்துப் பத்து நிமிடம் பேசாமலிருந்தோம். பிறகு அழுத்தாமல் துடைத்தபோது கறுப்பு இறங்கி வந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதுப்பக்கம். பழைய பக்கத்தாலேயே துடைத்தால் கறையை இழுத்துப் பரப்பியதாகும்.

எண்ணெய்க்கு இணங்காத பத்துப் பன்னிரண்டு புள்ளிகளுக்கு மட்டும் வர்ணக் கடையில் டர்பன்டைன் வாங்கினோம். மண்ணெண்ணெயும் ஆகும், அது இப்போது எளிதில் அகப்படுகிறதா? முதலில் கதவுக்கு உட்புறம் கண்ணில் படாத மூலையில் தடவி, நிறம் துணியில் ஏறவில்லை என்று கண்ட பின்னரே வெளியே தொட்டோம். முகவிளக்கின் பிளாஸ்டிக்குக்கும் ரப்பர்ப் பட்டைக்கும் அது ஆகாது. முடிவில் வண்டி கழுவும் சோப்பு நீரால் எண்ணெய்ப் பசை முழுவதையும் போக்கி மெழுகு தேய்த்தார் இளைஞர். தார்த்துணிகளைக் காவிரிக் கரையில் எறியாமல் ஒரு டப்பாவில் மூடி வைத்தாள் நம் இல்லாள்.

கதவின் அடியில் இரண்டு இடங்களில் மட்டும் இலேசான பழுப்பு நிழல் தங்கிவிட்டது. ஓரிரவு வெள்ளை வர்ணத்தில் ஊறியதன் விளைவு அது. திங்கட்கிழமை காலை உரிமையாளர் வந்து வெயிலில் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், ஒன்றும் பேசாமல் சாவியை நீட்டினார். மாத முடிவில் சம்பளத்திலும் கைவைக்கவில்லை.

மீதியிருந்த தேங்காயெண்ணெயைக் குழந்தையின் காலுக்கு ஆகுமே என்று அந்தப் பெண்மணிக்குக் கொடுத்தனுப்பினோம். காலுக்கு விளக்கெண்ணெயே போதும் என்று சொல்லிவிட்டு, அதைத் தன் தலைக்கு வைத்துச் சீவிக்கொண்டாளாம்.