பாடும் பிள்ளைகளைத் தேடிச் சித்தூருக்கும் திருப்பதிக்கும்

திருப்பதி யாத்திரையைப் பற்றி அறியாத தமிழ்க் குடும்பம் இராது. மலையேறிய வகையும், தரிசன வரிசையில் நின்ற நாழிகையும், லட்டுப் பிரசாதத்தின் சுவையும் அன்பர்கள் பலரும் எடுத்துரைத்தவையே. அவற்றை மீண்டும் விரிப்பதற்காக நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. காட்பாடியினின்று சித்தூர் வழியே திருப்பதிக்கும், அங்கிருந்து நகரி வழியே அரக்கோணத்திற்கும் குடும்பத்துடன் நாம் மேற்கொண்ட நான்கு நாட் பயணத்தில், நெடுநாளாக நம் இல்லத்தில் தீராதிருந்த ஒரு வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்தது. பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலம் சென்று குடியேறிய நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் அதே வழக்கு நடைபெற்று வருவதை அறிவோம். ஆதலின் அதனை இங்கு வரைகின்றோம்.

வழக்கு இதுதான். நம் மூத்த மகளுக்கு வயது பதினொன்று. குரல் இனியது, தாளமும் தவறுவதில்லை. தொலைக்காட்சியில் சிறுவர் பாட்டுப் போட்டி தொடங்கிவிட்டால் உணவையும் மறந்து அமர்ந்திருப்பாள். “அப்பா, என்னையும் போட்டிக்கு அனுப்புங்கள்” என்று ஓராண்டாகக் கேட்டு வருகிறாள். அனுப்பலாம் என்பது நம் இல்லாளின் கட்சி. பள்ளிப் படிப்புக் கெடும், பிள்ளை ஊரார் முன் அழுதுகொண்டு திரும்பும் என்பது நம் தாயாரின் கட்சி. நமக்கோ வேறொரு தயக்கம் இருந்தது. மகள் பாடுவன தமிழ்ப் பாட்டுகள். ஆனால் குறிப்புப் புத்தகத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் எழுதி வைத்திருக்கிறாள். ஓர் அடிக்குப் பொருள் கேட்டால் விழிக்கிறாள். ‘மழை’யும் ‘மலை’யும் அவள் நாவில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. பொருளறியாத பாட்டைப் பாடிப் பரிசு பெறுவதால் பிள்ளைக்கு என்ன நன்மை என்பதே நம் வினா.

காட்பாடியில் வண்டி ஏறினோம். தென்னிந்திய ரயில்வேக் கம்பெனியார் காலத்தில் மீட்டர் கேஜாக இட்ட வழி இது; இன்று அகலப் பாதை. ஊர்ப்பெயர்ப் பலகைகளில் தமிழ் மறைந்து தெலுங்கு வந்ததைக் கண்டுதான் மாநிலம் மாறியதை உணர்ந்தோம். மண்ணும் மாந்தோப்பும் மக்கள் முகமும் மாறவில்லை. சித்தூரில் இறங்கிக் கடைவீதிக்குச் சென்றால், நாம் தெலுங்கில் தட்டித் தடுமாறிக் கேட்பதற்குக் கடைக்காரர் தெளிந்த தமிழில் விடை கூறுகிறார். வெல்லமும் மாம்பழமும் விற்கும் சந்தையில் இரு மொழிகளும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருகின்றன.

இதில் வியப்பில்லை. சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு சென்னை ராஜதானியின் பகுதியாக அமைந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரலில் திருத்தணிப் பகுதி நம் பக்கம் திரும்பிற்று. 2022-இல் சித்தூர் மாவட்டத்தினின்று திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் பலமுறை இடம் மாறின. வீட்டுக்குள் பேசும் மொழி அவற்றைப் பின்பற்றி மாறவில்லை. சங்கீத கலாநிதிப் பட்டத்தை 1954-இல் பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் இசை பயின்றவர். பெயரோடு சித்தூரைச் சுமந்த வித்துவானுக்குக் குருபீடம் காஞ்சியில் இருந்தது.

அன்று மாலை தேநீர்க் கடை ஒன்றில் ‘பாடுதா தீயகா’ ஓடிக்கொண்டிருந்தது. ஈடிவி தெலுங்குத் தொலைக்காட்சியில் 1996-இல் தொடங்கிய இளம் பாடகர் போட்டி இது. ‘இனிமையாகப் பாடுவேன்’ என்னும் கருத்துடைய இப்பெயர், ‘மூக மனசுலு’ என்ற 1964-ஆம் ஆண்டுப் படத்தில் கண்டசாலா பாடிய பாட்டின் தொடக்கமாகும். மேடைக்கு வரும் பிள்ளை உடனே பாடத் தொடங்கிவிடுவதில்லை. எந்தப் படம், எழுதிய கவிஞர் யார், இசையமைத்தவர் யார் என்று முதலில் கூறுகிறது. பாடி முடித்த பின், மதிப்பெண்ணுக்கு முன்னதாக, உச்சரிப்பும் சொல்லின் பொருளும் பேசப்படுகின்றன. தெலுங்கு முழுதும் புரியாத நம் மகளுக்கும் இது புரிந்தது. “பாட்டு எழுதினவர் பேரை ஏன் சொல்றாங்க?” என்று கேட்டாள். கடைக்காரர் நம்மை முந்திக்கொண்டு, “வீட்டுக்குப் போனா வீட்டுக்காரர் யாருன்னு தெரிய வேண்டாமாம்மா?” என்றார்.

இப்போட்டியை இருபத்தைந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக நடத்தியவர் எஸ். பி. பாலசுப்பிரமணியம். 2020 செப்டம்பர் 25-ஆம் நாள் அவர் மறைந்த பின், மைந்தர் எஸ். பி. சரண் அதனைத் தொடர்ந்தார். பாலசுப்பிரமணியம் இப்பகுதியில் வளர்ந்த பிள்ளை. இளமையில் நகரியில் தாய்மாமன் இல்லத்தில் தங்கிப் படித்தார், பள்ளியிறுதி ஸ்ரீகாளஹஸ்தியில், புதுமுக வகுப்புத் திருப்பதியில். தந்தையார் ஹரிகதைக் கலைஞர். 1964-இல் சென்னையில் ஒரு தெலுங்குக் கலாசாரச் சங்கம் நடத்திய பாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றதே அவருக்குத் திரையுலகின் கதவைத் திறந்தது. ஒரு சங்கத்து மேடை அப்பணியைச் செய்தது என்பதைச் சங்கத்தாராகிய நாம் மனங்கொள்ள வேண்டும்.

தமிழில் பாடும் வாய்ப்பைத் தேடி அவர் சென்றபோது, உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வருமாறு மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் அறிவுறுத்தியதை அவரே பன்முறை கூறியுள்ளார். அவர் சினந்து திரும்பவில்லை, திருத்திக்கொண்டு வந்தார். 1969-இல் ‘அடிமைப் பெண்’, ‘சாந்தி நிலையம்’ ஆகிய படங்களின் வாயிலாகத் தமிழர் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாக ஏற்றனர். பிற்காலத்தில் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி ஆகிய நான்கு மொழிகளில் ஆறு தேசிய விருதுகள் பெற்றார். தாம் கற்ற பாடத்தையே தம் போட்டிக்கு வந்த பிள்ளைகளுக்கும் அவர் கற்பித்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் வாழும் தெலுங்குப் பிள்ளைகளுக்காக அந்நாட்டிலேயே இப்போட்டி நடைபெற்றதும் உண்டு.

மறுநாள் பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி சேர்ந்தோம். தரிசனம் நன்கு அமைந்தது. இம்மலை இரு மொழிகளையும் கேட்டுப் பழகியது. மார்கழியில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. தாள்ளபாக்கம் அன்னமய்யா பதினைந்தாம் நூற்றாண்டில் பாடிய தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுக் கோயிலின் ஓர் அறையில் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தன. 1922-இல் அவை வெளிவந்தன. அறிஞர்கள் படித்துப் பதிப்பித்தனர், இசைவல்லார் பண்ணமைத்தனர். மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி அவற்றுட் சிலவற்றை இசைத்தட்டில் பாடி, வீடுதோறும் கொண்டு சேர்த்தார்.

எழுதி வைத்ததனால் அவை அழியவில்லை. பாட ஆளில்லாத நாளில் அவை ஊமையாய் இருந்தன. ஏட்டில் எழுத்தும் வேண்டும், நாவில் பயிற்சியும் வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று நாம் அறியோம்.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பக்தித் தொலைக்காட்சி 2008-இல் தொடங்கியது. அன்னமய்யாவின் கீர்த்தனைகளை இளைஞரிடையே பரப்புவதற்கென ‘அதிவோ அல்லதிவோ’ என்னும் பெயரில் அது ஒரு பாட்டுப் போட்டியையும் நடத்தியிருக்கிறது. பண்டைய செல்வத்தைக் காக்கப் புதிய கருவியைக் கைக்கொள்வது தவறில்லை என்பதை இங்கு கண்டோம்.

திருப்பதியில் இசை பயிலும் தமிழ் இளைஞன் ஒருவனை நாம் தங்கிய விடுதியில் சந்தித்தோம். ஏதோ ஒரு போட்டியின் முதற்கட்டத் தேர்வுக்குச் சென்று, தேறாமல் திரும்பியிருந்தான். “வருத்தமா தம்பி?” என்று கேட்டோம். “இரண்டு நாள் இருந்தது, சார். மேல் ஸ்தாயியில் சுருதி விலகிவிட்டது. ஆனால் அந்தத் தேர்வுக்காக முப்பது பாட்டுப் பாடம் செய்தேன். அதை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாதே” என்றான். நம் தாயார் அவனுக்கு ஒரு லட்டைக் கொடுத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார்.

திரும்பும் வழியில் ரேணிகுண்டா, புத்தூர் கடந்து ஏகாம்பரகுப்பத்தில் இறங்கினோம். நகரி ஊருக்கு அது அணித்தான நிலையம். மனித மூக்கினைப் போல் மேல்நோக்கி நிற்கும் மலைச் சிகரம் இவ்வூருக்கு அடையாளம். தெருவெங்கும் விசைத்தறியின் ஓசை. நம் உறவினருக்கு அறிமுகமான நெசவாளர் இல்லத்தில் பகலுணவு. வீட்டில் பேசுவது தமிழ். பிள்ளைகள் படிப்பது தெலுங்கு. அவ்வீட்டுப் பெண்ணும் பாடுவாள். நம் மகளை ஒத்த வயது. இரு சிறுமியரும் தத்தம் குறிப்புப் புத்தகத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டனர்.

அப்பெண்ணின் புத்தகத்தில் தமிழ்ப் பாட்டுகள் தெலுங்கு எழுத்தில் இருந்தன. ஒவ்வோர் அடியின் கீழும் சிறிய எழுத்தில் ஏதோ குறித்திருந்தது. அது என்னவென்று கேட்டோம். அவள் அன்னையார், “அண்ணா, இவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால அர்த்தத்தை அவங்க பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக்குவா. அர்த்தம் தெரியாத பாட்டைப் பாட்டி பாட விடமாட்டாங்க” என்றார். கடைசிப் பக்கங்களில் அ, ஆ, இ, ஈ என்று தமிழ் நெடுங்கணக்கும் தொடங்கியிருந்தது. ‘ங’ வரிசை வரை வந்திருந்தது. அதன் அருகே ஆங்கில எழுத்து நிறைந்த நம் மகளின் புத்தகம் கிடந்தது. நாம் ஒன்றும் கூறவில்லை. அவளே அதனை மெல்ல மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மொழியெல்லைக்கு அப்பால் வாழும் பிள்ளைகள் அம்மொழியின் மேடையில் வெல்வது புதிதன்று. கனடாவில் க்யூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு மொழியில் பாடும் இளைஞர்க்கென ‘ஸ்டார் அகாதெமி’ என்ற தொலைக்காட்சிப் போட்டி 2003-இல் தொடங்கியது. சுற்றிலும் ஆங்கிலக் கடல் சூழ்ந்த நாட்டில் பிரெஞ்சுப் பாட்டுக்கு இளைஞரைத் திரட்டிய மேடை அது. முதலாண்டு வென்றவர் க்யூபெக்கைச் சேர்ந்தவரல்லர்; அண்டை மாநிலமாகிய நியூ பிரன்ஸ்விக்கில் சிறுபான்மையராய் வாழும் பிரெஞ்சு மக்களிடையே பிறந்த வில்பிரெட் லெ பூதிலியே என்பவர்.

நம் மொழியிலும் அவ்வாறே. விஜய் தொலைக்காட்சி 2006-இல் தொடங்கிய சூப்பர் சிங்கரின் சிறுவர் பிரிவில், 2015-இல் வென்ற ஸ்பூர்த்தி பெங்களூரினின்று வந்தவர். இரண்டாமிடம் பெற்ற ஜெசிக்கா, கனடாவில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பத்தின் பெண். தமக்குக் கிடைத்த தங்கப் பரிசை ஆதரவற்ற பிள்ளைகளுக்கென அளித்தார். இவர்கள் வாயில் தமிழ் பிழையின்றி ஒலித்தது. தூரம் தடையாக நிற்கவில்லை.

எனினும் நம் தாயாரின் அச்சத்தையும் புறந்தள்ளுவதற்கில்லை. நெடிய படப்பிடிப்பு, ஊர்விட்டு ஊர் செல்லும் செலவு, பள்ளிக்கு விடுப்பு, விலக்கப்பெறும் நாளின் கண்ணீரை ஊரே பார்த்திருக்கும் நிலை ஆகிய யாவும் மெய். பரிசு பெறுவோர் ஒரு சிலர். பாடச் செல்வோர் ஆயிரவர். பரிசொன்றையே நோக்கமாகக் கொண்டு பிள்ளையை அனுப்பினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். பாட்டும் மொழியும் பிள்ளையிடம் தங்க வேண்டும் என்று அனுப்பினால், தோற்றாலும் கைப்பொருள் குறையாது. திருப்பதியில் கண்ட இளைஞன் அதற்குச் சான்று.

அரக்கோணம் வந்து சேருமுன் வண்டியிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று. மகளைப் போட்டிக்கு அனுப்புவோம். ஆனால் இவ்வாண்டு அன்று. அதற்குள் பத்துப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் தன் கையாலேயே எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கவிஞர் பெயரும், இசையமைத்தவர் பெயரும், அடிதோறும் பொருளும் கூறத் தெரிய வேண்டும். பொருள் கூறும் பொறுப்பு நம் தாயாருடையது. அவரும் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். ‘மழை’க்கும் ‘மலை’க்கும் வேறுபாடு கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது. இதனை எழுதும் நாளில் மூன்று பாட்டுகள் முடிந்து நான்காவது நடைபெறுகிறது.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் நம் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி வைக்கின்றோம். குரலுக்கும் தாளத்துக்கும் மதிப்பெண் வழங்குகின்றோம். அடுத்த ஆண்டு முதல், பாடுமுன் கவிஞர் பெயரைக் கூறுவதற்கும், ஓர் அடிக்குப் பொருள் உரைப்பதற்கும், பாட்டைத் தமிழில் எழுதிக் கொணர்வதற்கும் தனியே மதிப்பெண் ஒதுக்கலாகாதா? செலவு ஏதுமில்லை. வீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால் போதும். இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்க நாம் சித்தமாயிருக்கின்றோம்.