அரைமணி நேரத் தீர்ப்பு

கதை கேட்பவர் எவரும் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பதில்லை. கேட்கும்போதே தீர்ப்பும் எழுதிவிடுகிறார். ‘இவன் கொடியவன்’, ‘இவள் பாவம்’, ‘அவனுக்கு இது வேண்டும்’ என்று நம் உள்ளம் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. அதிலும், கணவன் மனைவியரிடையே நிகழும் நம்பிக்கைத் துரோகம் கதையின் பொருளாக அமைந்துவிட்டால், அந்தத் தீர்ப்பு இன்னும் விரைந்து வருகிறது. பழைய தொலைக்காட்சிக் கதை ஒன்றையும், அதைக் கண்டவர்கள் கூறிய கருத்துகளையும் கொண்டு இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

ஓசூர்ப் பகுதியினராகிய நாம் இருமொழித் தொலைக்காட்சியில் வளர்ந்தவர்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பெற்றது. பெங்களூர் நிலையம் 1981 நவம்பர் 1 அன்று தொடங்கியது. சென்னை தொலைவிலும் பெங்களூர் நாற்பது கிலோமீட்டர் அண்மையிலும் இருந்தமையால், நம் தெருவின் ஆண்டெனாக்கள் பல அத்திப்பள்ளித் திசையையே பார்த்து நின்றன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து வாழும் இவ்வூரில், மொழி முழுதும் புரியாவிடினும் முகத்தைப் பார்த்தே கதையறியும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை நம்பித்தான், ஓர் ஆங்கிலக் கதையை அண்மையில் ஒரு ஞாயிறன்று நம் இல்லக் கூடத்தில் அண்டை அயலாருடன் அமர்ந்து கண்டோம்.

அது, ‘ஆல்பிரட் ஹிட்ச்காக் வழங்கும்’ என்ற புகழ்பெற்ற மர்மத் தொடரில் 1958 ஏப்ரல் 13 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான கதை. எழுதியவர் ரோல்டு டால், இயக்கியவர் ஹிட்ச்காக். மேரி என்னும் கருவுற்ற பெண், காவல்துறை அதிகாரியான தன் கணவனுக்காகக் காத்திருக்கிறாள். வந்தவன், வேறொருத்தியை மணக்கப்போவதாகவும் அவளை விட்டு நீங்குவதாகவும் அறிவிக்கிறான். உறைபெட்டியில் கல்லாய் இறுகிக் கிடந்த ஆட்டுத் தொடையால் அவள் அவன் தலையில் அடிக்கிறாள், அவன் மாள்கிறான். அத்தொடையையே அடுப்பிலிட்டுச் சமைத்து, துப்புத் துலக்க வந்த காவலர்களுக்குப் பரிமாறுகிறாள். கொலைக்கருவி தங்கள் கண்முன்னேதான் இருக்கும் என்று பேசிக்கொண்டே அவர்கள் அதை உண்கிறார்கள். அவள் சிரிக்கிறாள்.

கதை முடிந்ததும் கூடத்தில் கருத்துகள் பிறந்தன. தொழிற்பேட்டையில் பிட்டராகப் பணிபுரியும் இளைஞர் கைதட்டி நகைத்தார். பிள்ளைத்தாய்ச்சியை விட்டுப் போகிறவனுக்கு அது சரியான கூலி என்றார். அவர்தம் மனைவி நகைக்கவில்லை. “கொன்றுவிட்டுக் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குகிறாளே, அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லையே” என்று வியந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சான்றையே விருந்தாக்கிய கற்பனையை மெச்சினார். மாடியில் குடியிருக்கும் கன்னடத்து அம்மையார், வயிற்றிலிருக்கும் பிள்ளை வளர்ந்து தகப்பனைப் பற்றிக் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்றார். கல்லூரி மாணவி ஒருத்தி, “அவன் ஏன் போகிறான் என்பதை யாரும் கேட்கவில்லையே, ஐயா?” என்றாள்.

எல்லாரும் பேசி ஓய்ந்த பின்னர், ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்குப் போக ஓர் இடம் இருந்ததா? அவளுக்காக ஒரு வார்த்தை கேட்க யாராவது இருந்தார்களா?”

அவ்வினாவுக்குக் கதையில் விடையில்லை. மேரிக்குத் தாய்வீடு உண்டா, உற்றார் உண்டா என்று கதை சொல்வதில்லை. சொன்னால் கதை அரைமணியில் முடியாது. அச்சில் வந்த மூலக்கதையிலோ, கணவன் என்ன சொன்னான் என்பதைக்கூட ஆசிரியர் வெளிப்படையாகக் கூறவில்லை; படிப்போரே ஊகித்துக்கொள்ள வேண்டும். ‘வேறொருத்தி’ என்பதைத் தெளிவாக்கியது தொலைக்காட்சி. ஒரு சொல்லை ஏற்றியதும் நம் ஐயமெல்லாம் அகன்றது, கொலையும் இனித்தது. குற்றவாளி தப்பிவிட்டதாக வீடுகளுக்குள் கதை காட்டலாகாது என்ற அக்கால வழக்கத்தை எண்ணிப்போலும், இறுதியில் தோன்றும் ஹிட்ச்காக், அவள் இரண்டாம் கணவனையும் அவ்வாறே கொல்ல முயன்று அகப்பட்டுக்கொண்டாள் என்கிறார். இம்முறை இறைச்சி உறையாமல் மெத்தென்றிருந்ததாம்! நீதியும் அங்கே நகைச்சுவையாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான வழியைத் தமிழ்த் திரை அதற்கு முன்பே காட்டியிருக்கிறது. வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’ திரைப்படத்தில் பாடல் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியக் குண்டு சென்னையில் விழுந்த நாளில் ராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் சுடப்பட்டுக் கிடக்கிறார். சிவாஜி கணேசன் ஏற்ற வேடம் அது. அண்டைவீட்டார், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி என ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் கதை சொல்கின்றனர். மனைவிக்கும் துரோகம், நாட்டுக்கும் துரோகம் என இரட்டைத் துரோகம் செய்தவன் அவன் என்பதும், பண்டரிபாய் ஏற்ற மனைவியின் கைத்துப்பாக்கிக் குண்டே அவனைக் கொன்றது என்பதும் இறுதியில்தான் தெரிகின்றன. அங்கும் மாண்டவன் கணவனே; கொன்றவள் மனைவியே. எனினும் அப்படத்தைக் கண்டு எவரும் கைதட்டி நகைப்பதில்லை. காரணம், அங்கே நம்மைத் தீர்ப்பெழுத விடாமல் விசாரணை நடக்கிறது. ஒருவர் சொல்லை நம்பி நாம் முடிவுசெய்யும்போதெல்லாம், அடுத்தவர் சொல் அதைக் கலைத்துவிடுகிறது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், சிலப்பதிகாரம் முழுதும் இதே பாடந்தான். கடற்கரையில் மாதவி யாழெடுத்துப் பாடிய பாட்டைக் கேட்டு, அவள் மனம் பிறன்மேல் சென்றதென்று கோவலன் முடிவுசெய்தான். ஒரு வினாவும் அவன் கேட்கவில்லை. பின்னர் மதுரையில், பொற்கொல்லன் சொல்லைக் கேட்டுப் பாண்டியன் கோவலனைக் கள்வனென்று முடிவுசெய்தான். அவனும் ஒரு வினாவும் கேட்கவில்லை. ஆராயாமல் தீர்த்தவன், ஆராயாத தீர்ப்புக்கே இரையானான். கண்ணகியோ கணவனால் கைவிடப்பட்டவள். அவள் அவையில் சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்தென்றால் இவள் சிலம்பில் மாணிக்கம் தெறித்தது. மேரி சான்றைச் சமைத்து மறைத்தாள். கண்ணகி சான்றை உடைத்துக் காட்டினாள். தனக்குத் துரோகம் செய்தவனுக்கும் நீதி கேட்டு நின்றமையாலேயே அவள் பத்தினித் தெய்வமானாள்.

இவையெல்லாம் ஏட்டோடும் திரையோடும் முடிவனவல்ல. நம் ஊர் ஷிப்டுகளால் இயங்கும் ஊர். கணவன் இரவுப் பணிக்குச் செல்லும் வேளையில் மனைவி பகற்பணி முடித்துத் திரும்புகிறாள். ஒருவர் முகத்தை ஒருவர் காணாத இல்லங்களில் ஐயம் எளிதில் குடியேறுகிறது. நம் தெருவிலேயே சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தில் இவ்வாறு நேர்ந்தது. அத்திப்பள்ளிக்கு அப்பாலுள்ள ஓர் ஆயத்த ஆடை ஆலையில் அப்பெண் பணிபுரிந்தாள். வாரத்தில் சில நாள்கள் நேரங்கழித்து வந்தாள். தெரு பேசியது; கணவன் செவிக்கும் எட்டியது; அவன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். தலாக் என்ற சொல் வாசல்வரை வந்தது. பெரியவர்கள் இருவரையும் அழைத்து அமரவைத்தார்கள். அவர்களுள் ஒருவர் கேட்டது ஒன்றே: “சம்பளச் சீட்டு இருக்கிறதா, மகளே?” கொண்டுவந்தாள். தாமதமான நாள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஓவர்டைம் கணக்கு இருந்தது. ஆலை வேன் மாநில எல்லையில் இறக்கிவிட, அங்கிருந்து பேருந்து மாறி வந்திருக்கிறாள். மாதக்கணக்கில் ஊர் பேசிய பேச்சு, ஒரு துண்டுத் தாளில் முடிந்தது. அதுவரை அவளிடம் அதைக் கேட்டவர் ஒருவருமில்லை.

கற்புடைய பெண்மீது பழிசுமத்துவோர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டுமென்று இஸ்லாம் விதித்திருப்பதன் நுட்பம் இங்கே விளங்கும். ஐயத்தைச் சான்றாக ஏற்காத அறம் அது. வள்ளுவரும் பிறனில் விழையாமைக்குத் தனி அதிகாரம் வகுத்துத் துரோகத்தைக் கண்டித்தவர். அவரே தெரிந்து தெளிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

துரோகம் மெய்யாகவே நிகழ்ந்திருந்தால் என்செய்வது? பெரியவர் கேட்ட வினா இங்குதான் உயிர்பெறுகிறது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, பிறன் மனைவியோடு கூடியவன்மீது அவள் கணவன் வழக்குத் தொடுக்க இடமளித்தது. கணவனால் வஞ்சிக்கப்பட்ட மனைவிக்கோ அதில் இடமே இல்லை. உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று அப்பிரிவை நீக்கியது. ஆயினும், கைவிடப்பட்ட மனைவி தன் வாழ்வுக்குப் பொருள் கேட்கும் உரிமை நிலைத்திருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்த அவ்வுரிமை, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாகத் தொடர்கிறது. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணுக்கும் ஜீவனாம்சம் கோரும் அவ்வுரிமை உண்டென்று உச்சநீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று தெளிவுபடுத்தியது. சட்டம் அறிந்தவரும், உடன்வந்து நிற்கும் பெரியவரும் அருகில் இருந்தால், எந்த மேரிக்கும் உறைபெட்டியைத் திறக்கும் தேவை எழாது.

மாணவச் செல்வங்களே! மர்மக்கதைகளைக் காணுங்கள், கண்டு நகையுங்கள், அதிற் குற்றமில்லை. ஆனால், அண்டைவீட்டுக் கதை உங்கள் செவிக்கு வரும்போது அதற்கும் அரைமணி நேரத் தீர்ப்பு வழங்காதீர்கள். இருவர் சொல்லையும் கேளுங்கள். சான்று என்னவென்று வினவுங்கள். வீழ்ந்தவருக்குப் போக இடம் உண்டா என்று பாருங்கள். பெரியோர்களே! அந்த இடமாக நம் பள்ளிவாசல் முற்றமும் நம் ஊர் மன்றமும் விளங்கட்டும்.