கெடா தாத்தாவின் வீடு

2022ஆம் ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறை. கிருமிப்பரவலால் ஈராண்டுகள் சிங்கப்பூரை விட்டு எங்கும் செல்லாத நாங்கள், வெளிநாடு செல்லத் திட்டமிட்டோம். "பினாங்குக்குப் போகலாம்!" என்று நானும் தங்கையும் ஒரே குரலில் சொன்னோம். தாத்தா மட்டும், "போகலாம். ஆனால், அங்கிருந்து சுங்கைப் பட்டாணிக்கும் போக வேண்டும்," என்றார்.

சுங்கைப் பட்டாணி, மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ளது. அங்குள்ள ரப்பர் தோட்டம் ஒன்றில்தான் தாத்தா பிறந்து வளர்ந்தார். இருபது வயதில் வேலை தேடிச் சிங்கப்பூருக்கு வந்தார். அவருடைய இளமைக்கால நண்பர் அங்கேயே தங்கிவிட்டார். அவரை நாங்கள் 'கெடா தாத்தா' என்று அழைப்போம்.

2020 மார்ச் மாதம் எல்லை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு கெடா தாத்தாவின் மனைவி காலமானார். துக்க வீட்டுக்கு நேரில் சென்று ஆறுதல் சொல்வது நம் வழக்கம். தாத்தாவால் அன்று செல்ல இயலவில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவார். "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்ற பதிலே ஒவ்வொரு முறையும் வரும். பேசி முடித்த பிறகு தாத்தா நெடுநேரம் மௌனமாக இருப்பார். 2022 ஏப்ரல் முதல் தேதி தரைவழி எல்லை மீண்டும் திறக்கப்பட்டபோது, அவர் முதலில் தேடியது தம் கடப்பிதழைத்தான்.

விடியற்காலையில் காரில் புறப்பட்டோம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து ஜொகூர் பாருவுக்குள் நுழைந்தோம். நெடுஞ்சாலையின் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள் நீண்டுகொண்டே சென்றன. ஈப்போவை நெருங்கியதும் சுண்ணாம்புக் குன்றுகள் எங்களை வரவேற்றன. அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் பினாங்குப் பாலத்தைக் கடந்து ஜார்ஜ் டவுனை அடைந்தோம்.

2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் அது. பழைய கடைவீடுகள், சுவரோவியங்கள், 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோவில் எனப் பலவற்றைக் கண்டு மகிழ்ந்தோம். தாத்தாவின் மனம் மட்டும் அங்கே இல்லை. ஒரு கடையில் சர்க்கரையில் ஊறவைத்த சாதிக்காய் இரண்டு பொட்டலங்கள் வாங்கினார்.

"எதற்குத் தாத்தா இரண்டு?" என்று கேட்டேன்.

"ஒன்று அவனுக்கு, மற்றொன்று அவன் மனைவிக்கு. எப்போதும் அப்படித்தான் வாங்குவேன்," என்றார்.

மூன்றாம் நாள் காலையில் சுங்கைப் பட்டாணியை அடைந்தோம். பழைய தோட்டம் இப்போது வரிசை வீடுகள் நிறைந்த தாமானாக மாறியிருந்தது. வாசலிலேயே காத்திருந்த கெடா தாத்தா, தாத்தாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, "பசியாறியாச்சா?" என்று கேட்டார்.

கூடத்தில் பாட்டியின் படம் மாட்டப்பட்டிருந்தது. தாத்தா ஒரு பொட்டலத்தை அதன்முன் வைத்துக் கைகூப்பினார். அதைக் கண்டதும் கெடா தாத்தா நாற்காலியில் அமர்ந்து குழந்தையைப்போல் அழுதார். "அன்று வீட்டில் பத்துப் பேர்கூட இல்லையடா. நீ இருந்திருந்தால் போதும் என்று நினைத்தேன்," என்றார். தாத்தா அருகில் அமர்ந்து அவர் தோளில் கைவைத்தார். ஆறுதல் மொழி எதுவும் அவர் சொல்லவில்லை. ஆனால், ஓராண்டுக்கும் மேலாகத் தொலைபேசியில் வெளிவராத துயரம் அன்று வெளிவந்தது.

மாலையில் அந்த வீட்டின் நிலையே மாறிவிட்டது. தோட்டத்துப் பள்ளியில் படித்தது, விடியுமுன் பெற்றோருடன் சென்று மரம் சீவியது, பால் மங்குகளைக் கழுவியது என்று இருவரும் மாறி மாறிப் பேசினர். இடையிடையே சிரிப்பொலியும் எழுந்தது.

மறுநாள் கெடா தாத்தா எங்களைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றார். பழங்காலக் கோவில்களின் எச்சங்களைக் காட்டி, "கெடாவைத்தான் அக்காலத்தில் தமிழர்கள் கடாரம் என்று அழைத்தார்கள்," என்று விளக்கினார். கடல் கடந்து மக்கள் ஒருவரையொருவர் தேடிச் செல்வது எவ்வளவு பழைய வழக்கம் என்பதை எண்ணி வியந்தேன்.

இப்போதும் ஞாயிறுதோறும் தொலைபேசி ஒலிக்கிறது. ஆனால், கெடா தாத்தா முன்புபோல் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று பேச்சை முடித்துவிடுவதில்லை. முழங்கால் வலிக்கிறது என்கிறார். வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்கிறார். தாத்தாவும் பொறுமையாகக் கேட்கிறார். மனத்தில் உள்ளதைச் சொல்ல, முதலில் ஒருமுறை யாராவது அருகில் வந்து உட்கார வேண்டும் போலும்.