கடுதாசிப்பட்டறை கண்ட ஜெர்மன்காரர்

மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறி, தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று மாறி மாறித் தரங்கம்பாடியில் இறங்கியபோது இடுப்பு தனியாகக் கழன்றிருந்தது. புலம்பிக்கொண்டேதான் சீகன்பால்கு வீட்டுக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டேன். மனுஷன் கப்பலில் ஏழு மாசத்துக்கு மேல் வந்திருக்கிறார்!

ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊர்க்காரர். மதப் பிரசாரத்துக்காக டென்மார்க் ராஜா அனுப்பி, 1706 ஜூலை 9-ல் இங்கே வந்து சேர்ந்தார். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ, ஆ' எழுதிப் பழகினார். நடுவில் டேனிஷ் கவர்னரோடு மோதல்; சில மாசம் கோட்டையில் ஜெயில்!

அப்புறம் அச்சு யந்திரம் வந்தது. கூடவே ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன. எல்லாம் பெரிய சைஸ். பேப்பரைத் தின்று தீர்த்தன. ஆள் அசரவில்லை. இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பேப்பருக்குப் பொறையாறு பக்கம் பட்டறையே போட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் 'கடுதாசிப்பட்டறை' என்றுதான் பேர்! 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. 1718-ல் புதிய எருசலேம் ஆலயம். 1719-ல் அதற்குள்ளேயே அடக்கம். வயசு 36.

பாழடைந்து கிடந்த வீட்டைப் புதுப்பித்து, 2017-ல் மியூசியமாகத் திறந்தார்கள்.

எனக்கும் இப்போ 36. பி.காம். நான் இங்கே வரக் கொடுத்த லீவ் லெட்டர், 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'. ரோஷம் வந்து, திரும்பும் பஸ்ஸில் அதையே தமிழில் எழுத உட்கார்ந்தேன்.

'காய்ச்சலா, காய்சலா' என்று யோசித்து முடிப்பதற்குள் தஞ்சாவூர் வந்துவிட்டது!