வெந்த தேன்

புதுவாயலில் வேம்பு பூத்துவிட்டது என்பதை நான் எப்போதும் மூக்கால்தான் அறிகிறேன். பங்குனி மாதத்து முன்னிரவில், கொல்கத்தா நெடுஞ்சாலையின் டீசல் புகையையும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளின் இரும்பு வாடையையும் ஒரு கணம் விலக்கிக்கொண்டு அந்த மணம் வரும். ஆடி மாதத்தில் பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பிலை ஆடை உடுத்தி நேர்ந்துகொள்ளும் ஊர்கள் இவை. ஆனால் பங்குனியில் வேம்பின் பூவை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. ஷிப்ட் முடிந்து பேருந்திலிருந்து இறங்கும் நான் மட்டும் ஒரு நிமிடம் நிற்பேன். ஊரில் இது தேன் எடுக்கும் காலம்.

ஊர், மார்த்தாண்டத்துக்கு அருகே. தாத்தா காலந்தொட்டே தேனீ வளர்க்கிற குடும்பம் எங்களுடையது. அந்தப் பகுதி திருவிதாங்கூராக இருந்த 1920களில், ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை மார்த்தாண்டத்தில் நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நியூட்டன் என்ற பாதிரியார், நம் நாட்டுச் சிறிய தேனீயின் உடல்வாகுக்கு ஏற்ற பெட்டியொன்றை வடிவமைத்திருந்தார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். மரப்பொந்தில் புகைபோட்டு, புழுவும் முட்டையுமாக அடையைப் பிழிந்துகொண்டிருந்த மனிதர்களுக்கு அந்தப் பெட்டி ஒரு புதிய ஒழுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது என்றே எண்ணுகிறேன். கீழறை தேனீயின் குடும்பம், அதைத் தொடக்கூடாது. மேலறை மட்டுமே நமக்கு.

எங்கள் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்று சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. மார்கழியில் இலையுதிர்க்கும் ரப்பர் மரம் தையிலும் மாசியிலும் செம்பழுப்பாகத் தளிர்க்கிறது. மூன்று சிற்றிலைகள் காம்போடு சேருமிடத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. இலை முற்றும்வரை அவற்றில் இனிப்பு கசியும். அந்தச் சில வாரங்கள்தான் எங்களுடைய வசந்தம். அப்பா அந்தியில், தேனீக்கள் அடைந்த பிறகு, பெட்டிகளின் வாசலை அடைத்து லாரியில் ஏற்றிக் கேரளத்து ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுபோவார். விடிவதற்குள் இறக்கி வைத்தாக வேண்டும். வாரத்துக்கொரு முறை மேலறைச் சட்டங்களை எடுத்து, மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, தகர டிரம்மில் வைத்துக் கையால் சுற்றுவார்கள். தேன் சுவரில் தெறித்து வழியும் ஓசை மழைத்தூறல் போலிருக்கும். சுற்றிய அடை சேதமில்லாமல் மீண்டும் பெட்டிக்குப் போகும். சீவிய மெழுகை அம்மா வெந்நீரில் உருக்கி வடிகட்டுவாள். முற்றத்துச் சுவரின் பொந்திலிருக்கும் கொசுத்தேனீயின் சிறுதேன் கொஞ்சம், வைத்தியர் கேட்டால் கொடுப்பதற்காகத் தனிக் குப்பியில் இருக்கும்.

1991-92இல் இவையெல்லாம் ஒரே பருவத்தில் நின்றுபோயின. தாய்லாந்துப் பைப்புழு நோய் என்ற வைரஸ் தென்னிந்தியாவின் தேனீக் கூட்டங்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் அழித்தது. கூட்டுப்புழுவாக வேண்டிய பருவத்தில் புழு நீர்கோத்த பைபோலாகித் தலை நிமிர்ந்தபடி செத்துக் கிடக்கும். மருந்து கிடையாது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நூற்றுச் சொச்சம் பெட்டிகளில் நான்கு மிஞ்சின. அந்த நான்கைப் பிரித்துப் பிரித்துப் பெருக்க அப்பாவுக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் நான் ஐ.டி.ஐ. முடித்து வடக்கே வந்துவிட்டேன்.

அந்த ஆண்டுகளில்தான் ஒரு காட்சியைக் கண்டேன். ஆனி மாத மழையில் அப்பா அடுப்பில் சர்க்கரைப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிரட்டை. எனக்குத் திக்கென்றது. நம் தேன் சர்க்கரையா என்று கேட்டேன். மழைக்காலத்தில் காட்டில் ஒன்றும் இல்லை, நாம் மேலறையை எடுத்துக்கொண்டதால் அவை பட்டினி கிடக்கக்கூடாது என்றார். தையில் தளிர் வந்ததும் பாகை நிறுத்திவிடுவார். அதன்பின் எடுக்கும் முதல் சுற்றுத் தேனை விற்கமாட்டார். தனிக் கலத்தில் வைத்து அடுத்த மழையில் தேனீக்கே திருப்பிக் கொடுப்பார். பார்ப்பவர் யாருமில்லாத இடத்தில் அவர் கடைப்பிடித்த விதி அது.

புதுவாயலுக்கு வந்த பிறகு, ஆண்டுக்கொரு முறை ஊரிலிருந்து தேன் கொண்டுவந்து உடன் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். ரப்பர்த் தேன் சில மாதங்களில் உறைந்துவிடும். அதிலுள்ள குளுக்கோஸ் மணிமணியாகப் பிரிந்து அடியில் படியும். தேனின் இயல்பு அது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஒருவர் பாட்டிலைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் மேசைமேல் வைத்தார். "என்னா சார், அடியில பூரா சர்க்கரை?" என்றார். நான் விளக்கினேன். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, செய்தித்தாளில் சொட்டிப் பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது எதுவும் சரியான சோதனை அல்ல என்று சொன்னேன். சிரித்தார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. 2020 டிசம்பரில், தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், வழக்கமான ஆய்வகச் சோதனைகளிலேயே தேறிவிடும்படி தயாரித்த சர்க்கரைப்பாகுகள் தேனில் கலக்கப்படுவதை வெளிப்படுத்தியது. ஆய்வகத்தையே ஏமாற்றும் காலத்தில் என் சொல்லுக்கு என்ன மதிப்பு?

அடுத்த ஆண்டு நான் ஒரு காரியம் செய்தேன். தேனைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றி நன்றாகக் காய்ச்சினேன். சூடுபட்ட தேன் எளிதில் உறைவதில்லை. கண்ணாடிபோல் தெளிந்து, செம்பொன்னிறத்தில், கடைத்தேன் மாதிரியே நின்றது. மணமும் அதன் நொதிகளும் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் யாரும் குறை சொல்லவில்லை. சென்ற முறையைவிட நல்ல தேன் என்றுகூடச் சொன்னார்கள். மேலும் இரண்டு ஆண்டுகள் அப்படியே செய்தேன்.

அப்பா என் வீட்டுக்கு வந்து தங்கியபோது, காலையில் தோசைக்கு மனைவி அந்தத் தேனை வைத்தாள். அவர் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். சற்று நேரம் பேசவில்லை.

"இது வெந்த தேனாக்கும் மக்கா. எங்க வாங்கினே?"

"நம்ம தேன்தான் அப்பா."

அவர் என்னைத் திட்டவில்லை. தட்டைப் பார்த்தபடி, "நல்லதைக் கெடுத்து நல்லதுன்னு காட்ட வேண்டியதா போச்சா" என்று மட்டும் சொன்னார். நான் கலப்படம் செய்யவில்லை, ஒரு சொட்டு அந்நியப் பொருள் சேர்க்கவில்லை என்று எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். ஆனால் மேலறை, கீழறை என்று பிரித்து வைத்த அந்த ஒழுக்கத்தில் நான் எதையோ தாண்டிவிட்டேன். பட்டினிக்குப் பாகு ஊட்டிய அவர் கை சுத்தமாக இருந்தது. சர்க்கரையையே தொடாத என் கை அப்படி இல்லை.

அப்பா ஊர் திரும்பிய பின், தேன் வாங்கிய பதினொரு பேரிடமும் சொன்னேன், மூன்று ஆண்டுகளாகக் காய்ச்சிய தேனைக் கொடுத்தேன் என்று. இனி வருவது உறையும், வெயிலில் சற்று வைத்தால் இளகும், வேண்டுமென்றால் மட்டும் வாங்குங்கள் என்றேன். மூவர் நின்றுகொண்டார்கள். முதலில் மேசைமேல் பாட்டிலை வைத்தவர், "இதையெல்லாம் எதுக்கு சார் சொல்லிக்கிட்டு?" என்று கேட்டார். எரிச்சலா பரிவா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் வாங்குவதை அவர் நிறுத்தவில்லை.

அப்பாவிடம் தொலைபேசியில் கணக்கைச் சொன்னேன். எண்பது வயதை நெருங்குகிறவர், இப்போது இருபது பெட்டிகள் மட்டும் வைத்திருக்கிறார். லாரியில் ஏற்றுவதில்லை, வீட்டைச் சுற்றியே வைத்திருக்கிறார். "எட்டு பேரு போதும் மக்கா. அதுக்குமேல நம்மகிட்ட தேனும் இல்ல" என்றார். பிறகு இந்த ஆண்டு தளிர் எப்படி வந்திருக்கிறது, எந்தப் பெட்டியில் புது இராணி முட்டையிடத் தொடங்கியிருக்கிறது என்று வெகுநேரம் பேசினார். அடுத்த மாதம் வந்து டிரம்மைச் சுற்ற ஆள் வேண்டும் என்றார். விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.