பொன் தேடிப் போன கால்கள்

"காசுக்காகப் போய்விட்டான்" என்று ஒருவனைப் பற்றித் தீர்ப்புக் கூற நமக்கு அதிக நேரம் ஆவதில்லை. 2023-ஆம் ஆண்டின் கோடையில் ஐரோப்பிய நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் இந்தத் தீர்ப்பே நாள்தோறும் வெவ்வேறு சொற்களில் அச்சாயிற்று. நூற்றாண்டுப் பழமை வாய்ந்த கழகங்களை விட்டுவிட்டுக் கால்பந்து வீரர்கள் சவூதி அரேபியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கால்பந்தின் மீது ஓரளவு பற்றும், வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவைத்த கடலோரப் பங்குகளோடு நெடுநாள் உறவும் உள்ள நமக்கு, அத்தீர்ப்பை வாசிக்கும்போதெல்லாம் மனம் சற்றே நெருடியது. அந்த நெருடல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவே எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். 2022 டிசம்பர் 30 அன்று, போர்ச்சுகல் நாட்டுக் கிறிஸ்தியானோ ரொனால்டோ, ரியாத் நகரின் அல் நசர் கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 37. ஓய்வுபெறும் வயதில் ஒரு வீரர் வெயில் காயப் போகிறார் என்று ஐரோப்பா புன்னகைத்தது. ஆறு மாதம் கழித்து, சவூதி அரசின் பொது முதலீட்டு நிதியம் அல் ஹிலால், அல் நசர், அல் இத்திஹாத், அல் அஹ்லி ஆகிய நான்கு கழகங்களிலும் 75 விழுக்காட்டுப் பங்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. புன்னகை மறைந்தது. ரியல் மாட்ரிட் கழகத்தின் கரீம் பென்சிமா ஜித்தாவுக்குப் போனார். பிரேசிலின் நெய்மாருக்காக அல் ஹிலால் ஒன்பது கோடி யூரோ கொடுத்தது. பிரான்சின் எம்பாப்பேக்கு முப்பது கோடி யூரோ தர முன்வந்தது. அவரோ பேசக்கூட மறுத்துவிட்டார். அக்கோடையில் மட்டும் சவூதிக் கழகங்கள் வீரர்களை வாங்கச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர். ஸ்பெயினின் காப்ரி வெய்கா என்னும் இளைஞர் 21 வயதிலேயே அல் அஹ்லியில் சேர்ந்தபோது, ஜெர்மானிய வீரர் டோனி குரூஸ் அதை வெட்கக்கேடு என்றே வெளிப்படையாகக் குறிப்பிட்டார்.

அந்நாட்களில், ஜித்தாவில் பதினெட்டு ஆண்டுகள் வெல்டராக வேலை பார்த்துத் திரும்பிய அன்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். மாலைதோறும் கோயில் மைதானத்தில் பிள்ளைகள் பந்தாடுவதைப் பார்க்க வந்து அமர்வது அவர் வழக்கம். பிள்ளைகளில் இருவர் அல் நசர் கழகத்தின் மஞ்சள் சட்டை அணிந்திருந்தனர். குரூசின் கூற்றை அவரிடம் சொன்னோம். "ஐயா, நான் போனதும் காசுக்குத்தானே? என்னை யாரும் வெட்கக்கேடு என்று சொல்லவில்லையே. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்தவன் என்றுதானே சொன்னார்கள்" என்றார். பிறகு பந்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். கோடி யூரோவையும் வெல்டரின் சம்பளத்தையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்பது நமக்குத் தெரியாததன்று. ஆயினும் அவர் வினா அப்படியே நின்றது. ஒருவன் கூலிக்காக இடம் பெயர்வது எந்தத் தொகையில் கடமையாக இருந்து, எந்தத் தொகையில் பேராசையாக மாறுகிறது?

இதற்கு விடை தேடுவோர் எழுபத்தைந்து ஆண்டு பின்னோக்கிச் சென்று, தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டைப் பார்ப்பது நன்று. புதுப்பணம் பழைய கழகங்களின் வீரர்களைக் கவர்ந்திழுத்த கதை ரியாத்தில் தொடங்கியதன்று. 1948 ஏப்ரலில் கொலம்பியாவின் மக்கள் தலைவர் கைத்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைநகர் பொகோட்டா பற்றி எரிந்தது. அந்த ஆண்டே ஆகஸ்டில் அந்நாட்டில் தொழில்முறைக் கால்பந்துப் போட்டி தொடங்கிற்று. உள்நாட்டுச் சங்கத்தோடு பிணங்கிய அப்போட்டி, உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஆளுகைக்கு வெளியே நின்றது. வெளியே நின்றதால் வேறு நாட்டுக் கழகங்களுக்கு மாற்றுத்தொகை ஒரு காசும் தரவேண்டியதில்லை. அந்தப் பணம் முழுவதையும் வீரர்களுக்கே கொடுக்கலாம். அர்ஜென்டினாவில் வீரர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரமும் நியாயமான ஊதியமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. 1949-இல் பெடர்னேராவும், அவரைத் தொடர்ந்து ரோசியும் இளைஞர் ஆல்பிரெடோ டி ஸ்டெபானோவும் பொகோட்டாவின் மில்லியோனாரியோஸ் கழகத்துக்குப் போனார்கள். கழகத்தின் பெயருக்கே கோடீஸ்வரர்கள் என்று பொருள். அந்தச் சில ஆண்டுகளை இன்றும் அந்நாட்டார் 'எல் டொராடோ', அதாவது பொன்னாடு, என்றே அழைக்கின்றனர்.

1950-இல் இங்கிலாந்திலிருந்தும் சிலர் புறப்பட்டனர். ஸ்டோக் சிட்டி கழகத்தின் நீல் பிராங்க்ளின் அவர்களில் தலையாயவர். இங்கிலாந்து அணிக்காகத் தொடர்ச்சியாக 27 ஆட்டங்கள் ஆடிய தடுப்பாளர். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் சார்லி மிட்டனும் போனார். நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் போல அவர்களை ஏசினர். மிட்டனுக்குப் 'பொகோட்டாக் கொள்ளைக்காரன்' என்ற பட்டப்பெயரே நிலைத்தது. அவர்கள் விட்டுச்சென்றது எதை என்று பார்ப்போம். அன்று இங்கிலாந்தில் எத்துணைப் பெரிய வீரனுக்கும் வாரத்துக்கு 12 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்பது சட்டம். ஒப்பந்தம் முடிந்தாலும், கழகம் விடுவிக்காவிடில் வேறு கழகத்துக்குப் போக இயலாது. அதே காலத்தில், 1948–49 பருவத்தில், லீக் ஆட்டங்களைக் காணக் கட்டணம் செலுத்தி வந்தோர் நான்கு கோடிக்கும் மேல். வாயிலில் குவிந்த பணம் வீரனின் கைக்கு வரவில்லை. கொள்ளைக்காரன் என்ற சொல்லை யாருக்குச் சூட்டுவது என்பதில் நமக்குச் சிறிது ஐயம் உண்டு.

பிராங்க்ளினுக்குப் பொன்னாடு பொன்னாக இருக்கவில்லை. குடும்பத்தோடு சென்றவர், சில மாதங்களுக்குள் திரும்பிவிட்டார். திரும்பியவரைத் தண்டனை காத்திருந்தது. ஆடத் தடை விதித்தனர். பிறகு ஹல் சிட்டி கழகத்துக்கு விற்றனர். இங்கிலாந்துச் சட்டையை அவர் மறுபடி அணியவே இல்லை. 1950 உலகக் கோப்பையில் அவரில்லாத இங்கிலாந்து, பெலோ ஹொரிசோந்தே நகரில் அமெரிக்காவிடம் 1–0 எனத் தோற்றது. ஆனால் அவர் எதிர்த்து நடந்த அந்த 12 பவுண்டுச் சட்டம் பின்னர் சற்றே உயர்ந்து உயர்ந்து, 1961 ஜனவரியில் ஒழிந்தது. அவ்வாண்டே புல்ஹாம் கழகத்தின் ஜானி ஹேன்ஸ் வாரத்துக்கு நூறு பவுண்டு பெற்றார். டி ஸ்டெபானோவோ 1953-இல் ரியல் மாட்ரிட் சென்று, 1956 முதல் 1960 வரை ஐந்து முறை தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வெல்லத் துணைநின்றார். கொலம்பியா ஈர்த்த வீரரை ஐரோப்பா ஈர்த்துக்கொண்டபோது அதற்குப் பெயர் வரலாறு.

அதன்பின் வாங்குகிறவர் ஐரோப்பியரே. 1995 டிசம்பரில், பெல்ஜிய வீரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரரைக் கழகம் பிடித்துவைக்கும் வழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒழித்தது. நல்ல தீர்ப்பு; வீரனுக்கு விடுதலை. ஆனால் பணமுள்ள சில கழகங்களின் வாசலில் உலகமே வரிசையில் நிற்கத் தொடங்கியதும் அதன் பிறகுதான். பிளமெங்கோ கழகத்தின் வினீசியஸ் என்னும் சிறுவனை ரியல் மாட்ரிட் பேசி முடித்தபோது அவனுக்கு வயது 16. பால்மெய்ராஸ் கழகத்தின் என்ட்ரிக்கைப் பேசி முடித்தபோதும் 16. பதினெட்டு நிறையும் நாளுக்காகக் காத்திருந்து இருவரையும் அழைத்துக்கொண்டார்கள். ரியோவிலும் சாவோ பாவுலோவிலும் அந்தச் சிறுவர்களின் ஆட்டத்தைப் பார்க்கச் சீட்டு வாங்கியவர்களின் ஏக்கத்தை எந்த நாளிதழும் வெட்கக்கேடு என்ற தலைப்பில் எழுதியதாக நினைவில்லை.

இவ்வளவு சொன்னதால், போகிறவர் எல்லாரும் குற்றமற்றவர் என்று வாதிடுவதாக வாசகர் கொள்ளவேண்டாம். நம்மை உண்மையில் வருத்திய பயணம் ஒன்று உண்டு. லிவர்பூல் கழகத்துக்கு 2015 முதல் தலைவராக இருந்தவர் ஜோர்டன் ஹெண்டர்சன். கொள்ளைநோய்க் காலமான 2020-இல் எல்லாக் கழகத் தலைவர்களையும் ஒன்றுகூட்டி மருத்துவப் பணியாளர்களுக்காக நிதி திரட்டியவர். ஒருபாலின ஈர்ப்புடையோர் ஆட்ட அரங்கில் அஞ்சாது அமரவேண்டும் என்ற இயக்கத்துக்கு வானவில் நிறப் பட்டையைக் கையில் கட்டி ஆதரவு தந்தவர். அவ்வியக்கம் பற்றி நம் வாசகரிடையே பலவகைக் கருத்து இருக்கலாம். நாம் பேசுவது கொடுத்த சொல்லைப் பற்றி. அத்தகைய உறவு சட்டப்படி குற்றமாகக் கருதப்படும் நாட்டுக்கு, தம்மாம் நகரின் அல் இத்திபாக் கழகத்துக்கு, 2023 ஜூலையில் அவர் போனார். அவரை அறிமுகப்படுத்திய படத்தில் பழைய காட்சிகள் கருப்பு வெள்ளையில் வந்தன. கையிலிருந்த வானவில் சாம்பல் நிறமாகிவிட்டது. அவரை நம்பிய மனிதர்கள் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தார்கள். அக்டோபரில் வெம்ப்ளி அரங்கில் சொந்த நாட்டு மக்களே அவரை இகழ்ந்து ஒலியெழுப்பினர். 2024 ஜனவரியில் நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகத்துக்குப் போய்விட்டார். கால்கள் அவருடையவை, எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். பிறர் அவர்மேல் வைத்த நம்பிக்கை அவருக்கு மட்டும் உரியதா என்பதே நம் வினா.

அதே லிவர்பூல் அணியில் அவருக்குக் கீழ் ஆடியவர் செனகல் நாட்டுச் சேடியோ மானே. அவரும் அதே கோடையில், ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் கழகத்திலிருந்து அல் நசருக்குப் போனார். பம்பாலி என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஏழு வயதில் தந்தையை இழந்தபோது அவ்வூரில் மருத்துவமனை இல்லை. ஐரோப்பாவில் ஈட்டிய பொருளைக் கொண்டு 2021-இல் அங்கே மருத்துவமனை எழுப்பினார், பள்ளிக்கூடமும் கட்டித்தந்தார். செனகலிலிருந்து பிரான்சுக்குப் போன 2011-இலும், அரேபியாவுக்குப் போன 2023-இலும் அவர் செய்தது ஒன்றே. நம் ஜித்தா அன்பருக்கு அது உடனே விளங்கிவிட்டது. குரூசுக்கு ஏனோ விளங்கவில்லை.

வளைகுடாவின் மறுபக்கத்தையும் அந்த அன்பர் போன்றோர் அறிவர். கத்தாரில் ஆடிய சாகிர் பெலூனிஸ் என்னும் பிரெஞ்சு வீரர் சம்பளப் பாக்கிக்காக வழக்குத் தொடுத்தார். வேலைக்கு வைத்தவர் கையெழுத்திட்டால் அன்றி நாட்டைவிட்டு வெளியேற முடியாத விதியினால், மனைவி மக்களோடு சிக்கிக்கொண்டார். 2013 நவம்பரில்தான் ஊர் திரும்பினார். கட்டடத் தொழிலாளியைக் கட்டிவைத்த அதே கயிறு. கத்தார் அவ்விதியைப் பெரும்பாலான தொழிலாளருக்கு 2018-இல் தளர்த்தியது. சீனத்தின் கதையும் உண்டு. 2020-இல் பட்டம் வென்ற ஜியாங்சு கழகம் மூன்றே மாதத்தில், 2021 பிப்ரவரியில், பணமின்றிக் கதவடைத்தது. அதைப்பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் விருந்தினரை அழைத்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி யாரும் அதிகம் எழுதக் காணோம். 2022 நவம்பர் 22 அன்று, கத்தார் உலகக் கோப்பையில், சவூதி அரேபியா மெஸ்சியின் அர்ஜென்டினாவை 2–1 என வென்றது. அந்த அணியின் 26 பேரும் உள்நாட்டுக் கழகங்களில் ஆடியவர்கள். ரொனால்டோ அங்குக் காலடி வைப்பதற்கு முந்தைய மாதம் அது. அதன்பின், ஓர் ஆட்டத்தில் ஒரு கழகம் எட்டு வெளிநாட்டவரைக் களமிறக்கலாம் என்று விதியாயிற்று. மீதி மூன்று இடம். சவூதி அணிக்குப் பயிற்சியாளராக 2023 ஆகஸ்டில் வந்த இத்தாலியர் ரொபர்ட்டோ மன்சினி, தம் வீரர்கள் கழகங்களில் ஆட வாய்ப்பின்றி ஓரத்து இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று 2024-இல் வெளிப்படையாகவே முறையிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் பதவியும் நீங்கினார்.

2025 ஜூன் 30 அன்று, அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில், கழகங்களுக்கான உலகக் கோப்பையில் அல் ஹிலால் மான்செஸ்டர் சிட்டியை 4–3 எனக் கூடுதல் நேரத்தில் வீழ்த்தியது. ஐரோப்பா வியந்தது; ரியாத் கொண்டாடியது. சவூதி இளைஞர் சிலரும் அன்று ஆடினர். பந்தை வலைக்குள் செலுத்தியோர் பிரேசிலின் மார்கோஸ் லியோனார்டோ இருமுறை, அதே நாட்டு மால்கம் ஒருமுறை, செனகலின் கூலிபாலி ஒருமுறை. அர்ஜென்டினாவுக்கு எதிராக வெற்றிப் பந்தை அடித்த சலேம் அல் தவ்சாரி, அல் ஹிலாலின் தலைவர்; காயம்பட்டு அன்று வெளியே இருந்தார்.